வயிற்றில் அடிபட்ட குழந்தை: வீட்டில் பார்ப்பதா, ஆசாரிப்பள்ளமா, திருவனந்தபுரமா?

பையன் சைக்கிளிலிருந்து விழுந்தான். ஹேண்டில் முனை வயிற்றில் குத்தி, வட்டமாக ஒரு சிவப்பு அடையாளம், அவ்வளவுதான். அன்று ராத்திரி மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். மூன்றாம் நாள் காலையில் வாந்தி. பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போவதா, ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜா, நேரே திருவனந்தபுரமா என்று அப்பா யோசிக்கிறார். பாட்டியோ வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம் என்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்துப் பெற்றோர் கேட்பது ஏறத்தாழ இந்தக் கேள்வியைத்தான். சிலருக்கு சைக்கிளுக்குப் பதிலாக ஸ்கூட்டர்: முன்னால் நின்றுகொண்டு வந்த குழந்தை, சடன் பிரேக். சிலருக்குத் தூத்தூர் கடற்கரையில் பந்து விளையாடும்போது எதிராளியின் முழங்கால்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரியைப் பெயர் பார்த்துத் தேர்வு செய்கிறோம். வயிற்றில் அடிபட்ட குழந்தைக்குக் கடிகாரத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அறிகுறி தொடங்கிவிட்டால், இன்று ராத்திரியே வயிற்றைத் திறந்து பார்க்க ஆளும் தியேட்டரும் உள்ள இடங்களில் மிக அருகில் இருப்பது எதுவோ, அதுதான் நல்ல ஆஸ்பத்திரி.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுகுடல் வயிற்றுக்குள் சும்மா கிடப்பதில்லை. முதுகுப்பக்கச் சுவரிலிருந்து ஒரு மெல்லிய சவ்வில் தொங்குகிறது. குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் எல்லாம் அந்தச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன. வயிற்றில் ஹேண்டில் குத்தும்போது அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவே குடல் நசுங்குகிறது, சவ்வு கிழியவும் கூடும். குழந்தையின் வயிற்றுத் தசை மெலிது, விலா எலும்பு வளையும். அதனால் வெளியே சிராய்ப்பே இல்லாமல் உள்ளே பெரிய காயம் இருக்கலாம்.

அதற்கப்புறம் பல வழிகளில் சிக்கல் வரலாம். கிழிந்த வலையின் ஓட்டைக்குள் நுழைந்த மீன் போல, குடலின் ஒரு மடிப்பு சவ்வின் கிழிசலுக்குள் நுழைந்து, வீங்கி, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். இதுதான் உட்புறக் குடலிறக்கம். வெளியே புடைப்பு எதுவும் தெரியாது. இன்னொன்று, காயம் ஆறும்போது உள்ளே தழும்புப் பட்டை உருவாகி, வாரங்களோ மாதங்களோ கழித்து அதைச் சுற்றிக் குடல் முறுக்கிக்கொள்வது. சவ்வு குடலிலிருந்து பிய்ந்துவிட்டால், ரத்தம் கிடைக்காத துண்டு சில நாளில் ஓட்டையாகும். அல்லது வாரக்கணக்கில் சுருங்கி அடைத்துக்கொள்ளும்.

இன்னும் சில குழந்தைகளுக்குக் கோளாறு பிறவியிலேயே இருக்கும். கருவில் குடல் சுழன்று தன் இடத்தில் அமர வேண்டும். அப்படி அமராத குடல் எந்த வயதிலும் முறுக்கிக்கொள்ளலாம். பிறந்த முதல் மாதத்தில்தான் இது அதிகம் என்றாலும் பள்ளி வயதிலும் வரும். அப்போது 'விழுந்ததால்தான் வந்தது' என்று வீட்டில் சொல்வார்கள். தியேட்டரில் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கும்.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. வயிற்றில் அடிபடும் குழந்தைகளில் பெரும்பாலோர் வலி தீர்ந்து மறுநாள் ஓடுவார்கள். குடல் முறுக்கமும் உட்புறக் குடலிறக்கமும் அரிது. ஆனால் ரத்த ஓட்டம் முழுதாக நின்றுவிட்டால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் செத்துப்போகத் தொடங்கும். அரிதாக வந்தாலும் அவகாசம் தராது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வாந்தியின் நிறம். சாப்பிட்டது திரும்பி வந்தால் ஒரு கணக்கு, கரும்பச்சையாகப் பித்தம் வந்தால் வேறு கணக்கு. பச்சை வாந்தி என்றால் குடல் எங்கோ அடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி பட்ட துணியைக் கழுவிப் போடாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'மஞ்சளா, பச்சையா' என்று டாக்டர் கேட்கும்போது அம்மா ஒன்று சொல்வார், அப்பா ஒன்று சொல்வார்.

மற்ற அறிகுறிகள்: வலி குறைவதற்குப் பதில் கூடுவது, வயிறு உப்புவது, காற்றும் மலமும் போகாதது, மலத்தில் ரத்தம், நிமிர்ந்து நடக்க மறுப்பது, முகம் வெளுத்துக் கைகால் குளிர்வது, துவண்டு கிடப்பது. நாடித்துடிப்பு வேகமாக ஓடினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசியில்தான் இறங்கும். 'பிரஷர் நார்மல்' என்று கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். குடல் முறுக்கத்தின் தொடக்கத்தில் தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும்; குழந்தையோ துடிக்கும். அந்தப் பொருத்தமின்மையே ஒரு அறிகுறி.

இரண்டாவது, வயது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அவசரமாக வயிற்றைத் திறக்க அனுபவமுள்ள பொது அறுவை மருத்துவரால் முடியும். கைக்குழந்தைக்குக் குழந்தைகள் அறுவை மருத்துவரும், சின்னக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும் வேண்டும்.

மூன்றாவது, இப்போது மணி என்ன, ரோடு எப்படி. நான்காவது, பணம். பில்லில் வராத பணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது

அடி லேசானது, குழந்தை விளையாடுகிறது, பசிக்கிறது என்கிறது, சிறுநீர் தெளிவாகப் போகிறது என்றால் வீட்டில் பார்க்கலாம். பார்ப்பது என்றால் உண்மையிலேயே பார்ப்பது. ராத்திரி ஒரு தடவையாவது எழுப்பி, வயிற்றைத் தொட்டு, முகத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டமும் பந்தும் வேண்டாம்.

ஹேண்டில் முனையின் வட்டத் தடமோ, கார் சீட் பெல்ட்டின் குறுக்குக் கோடோ வயிற்றில் பதிந்திருந்தால் மட்டும் இந்த வழியே வேண்டாம். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம்தான். 'காலையில் பார்க்கலாம்' என்று ராத்திரி பதினொரு மணிக்கு முடிவெடுத்தால், கையில் இருந்த 6 மணி நேரமும் போய்விடும். வாந்தி தொடங்கிவிட்டால் வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள். கருப்பட்டிக் காப்பி, ஓமத்தண்ணீர், விளக்கெண்ணெய், மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப் எல்லாம் இதில் அடக்கம். ஆபரேஷன் தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருப்பதே குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஆசானிடம் கொண்டுபோவது

வர்ம வைத்தியம் நம் மண்ணில் வேரூன்றியது. கை சுளுக்குக்கும் தோள் பிசகுக்கும் ஆசான் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து வளர்ந்தவர்கள்தான் இங்கே பாதிப் பேர். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அடிபட்ட வயிற்றை எண்ணெய் தடவி அழுத்துவதும், குடலேற்றம் என்று குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் வேறு விஷயம். கிழிந்த சவ்வை அது பெரிதாக்கலாம். உறைந்திருந்த ரத்தக்கசிவு மறுபடி திறக்கலாம். அனுபவமுள்ள ஆசான் வயிற்றில் அடி என்றதும் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பாட்டியைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் ஆசானுக்கு ஒரு போன் போதும்.

பக்கத்து நர்சிங் ஹோம், தாலுகா ஆஸ்பத்திரி

குழித்துறை, குளச்சல், தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு ஆஸ்பத்திரி, அப்புறம் ஊருக்கு ஊர் நர்சிங் ஹோம்கள். இவற்றின் பெரிய லாபம் பத்து நிமிடத்தில் ஒரு டாக்டரின் கை குழந்தையின் வயிற்றில் படுவது. டிரிப் போடுவார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுக் காலி செய்வார்கள். அந்தப் பையில் பச்சைத் திரவம் இறங்கினால் அடுத்து எங்கே அனுப்புவது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அங்கேயே அட்மிட் ஆகி ஒரு ராத்திரி கழிவதில்தான். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து 'நார்மல்' என்று எழுதித் தருவார்கள். அந்த ஸ்கேன் வயிற்றுக்குள் ரத்தமோ நீரோ தேங்கியிருக்கிறதா என்று பார்க்க நல்லது. குடலும் சவ்வும் கிழிந்திருப்பதை அது தவறவிடலாம். ஸ்கேன் நார்மல், குழந்தை நார்மலாக இல்லை என்றால் குழந்தையைத்தான் நம்ப வேண்டும்.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: 'டாக்டர், ராத்திரி திறக்க வேண்டி வந்தால் இங்கேயே செய்வீர்களா, அனுப்புவீர்களா?' அனுப்புவோம் என்றால் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசாரிப்பள்ளம்

நாகர்கோவிலை ஒட்டிய கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. சி.டி. ஸ்கேன், ரத்த வங்கி, இரவு முழுக்க அறுவைப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது இதன் பலம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம் தாலுகாக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் தேர்வு. 108 வண்டி இலவசம்.

சாலை விபத்தாக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்து என்றால், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. சைக்கிளிலிருந்து விழுந்து மூன்றாம் நாள் வருபவருக்கு அந்தக் கணக்கு உதவாது. அப்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் வேறு மாதிரி: கூட்டம், ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது. அப்புறம் விபத்துப் பதிவேடு. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து, சித்தப்பா ஓட்டிய பைக்கை மறைத்து 'விளையாடும்போது விழுந்தான்' என்று சொல்லும் வீடுகள் நிறைய. எப்படி அடிபட்டது என்பதை வைத்துத்தான் டாக்டர் எந்த உறுப்பைத் தேடுவது என்று தீர்மானிக்கிறார். அடித்தது வீட்டில் உள்ளவராகவே இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். குழந்தை பள்ளிச் சண்டையை மறைக்கிறதா என்று தனியே கூப்பிட்டுக் கேட்டும் பாருங்கள்.

குழந்தை ஒரு வயதுக்குள் என்றால், போகும் வழியிலேயே போன் செய்து குழந்தைகள் அறுவை மருத்துவர் அன்று பணியில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாகர்கோவிலில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இதே கேள்விதான். அங்கே சி.டி. வேகமாக நடக்கும். முன்பணம், ஐ.சி.யூ. நாள் வாடகை, வெளியிலிருந்து வரும் சர்ஜன் கட்டணம் எல்லாம் பில்லில் பின்னால் வந்து சேரும். அட்டை செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள்.

திருவனந்தபுரம்

மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு 'மெடிக்கல் காலேஜ்' என்றால் இன்றும் திருவனந்தபுரம்தான். 1951-ல் அது தொடங்கியபோது நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ல்தான் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அந்தப் பழக்கத்தில் நியாயமும் உண்டு. அதே வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனி அறுவைப் பிரிவு இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து பார்த்தால் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறத்தாழ ஒரே தூரம், முப்பது நாற்பது கிலோமீட்டர்.

கைக்குழந்தைக்குப் பச்சை வாந்தி, வீடு களியக்காவிளை பக்கம், குழந்தை இன்னும் துவளவில்லை என்றால் நான் திருவனந்தபுரத்தைத்தான் சொல்வேன். நாகர்கோவிலில் இருந்துகொண்டு, ஆசாரிப்பள்ளத்தைத் தாண்டி அறுபத்தைந்து எழுபது கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் வேண்டாம் என்பேன். மாலை ஆறு மணிக்கு மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்குத் தெரியும், வரைபடத்துத் தூரம் வேறு, ரோட்டுத் தூரம் வேறு.

எல்லை தாண்டும் செலவு ஆபரேஷனோடு முடியாது. தனியார் ஆம்புலன்ஸ், கூட இருப்பவர்களுக்கு லாட்ஜ், பிறகு மாதக்கணக்கில் செக்கப்புக்கு அலைச்சல். நம் காப்பீட்டு அட்டை அங்கே அப்படியே செல்லும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். ரெஃபர் கடிதம், எடுத்த ஸ்கேன் படங்கள், கொடுத்த மருந்துகளின் சீட்டு கையில் இல்லாமல் போனால் எல்லாம் முதலிலிருந்து.

ஆரல்வாய்மொழி பக்கத்துக்காரர்கள் திருநெல்வேலியையும் கேட்பதுண்டு. மாநிலம் மாறாது, காகிதம் மாறாது. அவசரத்துக்கு ஆசாரிப்பள்ளம் அதைவிட அருகில் இருக்கிறது.

| வழி | எப்போது பொருத்தம் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|
| வீடு | லேசான அடி, தடம் இல்லை, குழந்தை உற்சாகம் | ஒரு ராத்திரி வீணாவது |
| ஆசான் | வயிற்று அடிக்கு இல்லை | காயம் பெரிதாவது |
| பக்கத்து ஆஸ்பத்திரி | முதல் பரிசோதனை, டிரிப், மூக்குக் குழாய் | 'நார்மல்' ஸ்கேனை நம்பித் தங்குவது |
| ஆசாரிப்பள்ளம் | பச்சை வாந்தி, உப்பிய வயிறு, கூடும் வலி. பள்ளி வயது | கூட்டம், ரத்தம், பதிவேட்டுப் பயம் |
| நாகர்கோவில் தனியார் | சி.டி. உடனே வேண்டும், சர்ஜன் உறுதி | முன்பணம், ஐ.சி.யூ. வாடகை |
| திருவனந்தபுரம் | கைக்குழந்தை, மேற்குத் தாலுகா, பயணம் தாங்கும் நிலை | ரோடு, லாட்ஜ், அட்டை, செக்கப் |

அட்மிட் ஆன பிறகு: காத்திருப்பதா, ஆபரேஷனா

இங்கேதான் உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்லத் தொடங்குவார்கள்.

காத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை. கல்லீரல், மண்ணீரல் காயம்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் ஆபரேஷன் இல்லாமலேயே தேறுகிறார்கள். ஹேண்டில் குத்தில் முன்சிறுகுடல் சுவரில் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டு. அதிலும் பச்சை வாந்தி வரும். மூக்குக் குழாயும், நரம்பு வழி ஊட்டச்சத்துமாக ஒன்று முதல் மூன்று வாரத்தில் அது பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஆகவே பச்சை வாந்தி என்றதும் ஆபரேஷன் என்று இல்லை. பச்சை வாந்தி என்றதும் ஆஸ்பத்திரி. காத்திருக்கும்போது ஒரே டாக்டர் சில மணி நேரத்துக்கொரு முறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அது நடக்கவில்லை என்றால் காத்திருப்புக்கு அர்த்தம் இல்லை.

சி.டி. எடுப்பதில் கதிர்வீச்சு உண்டு, சின்னக் குழந்தையை மயக்க வேண்டியும் வரலாம். முதல் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி. குடல் காயத்தைக் காட்டாமலும் போகலாம். ஆனால் ரத்தக் குழாய்கள் சுழல் போல முறுக்கியிருப்பது தெரிந்தால், வயிற்றுக்குள் காற்று கசிந்திருந்தால், குடல் இரண்டு முனையிலும் அடைபட்டிருந்தால் பேச்சுக்கு இடமில்லை. கையெழுத்துப் போடுங்கள். 'பெரியவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறோம்' என்பதில் போகும் ஒரு மணி நேரம் சில அடி நீளக் குடலாக இருக்கலாம். நிறையக் குடலை வெட்ட நேர்ந்தால் மிச்சமிருப்பது சத்தை உறிஞ்சப் போதாது. அந்தக் குழந்தை வருடக்கணக்கில் நரம்பு வழி ஊட்டத்தை நம்ப வேண்டியிருக்கும்.

துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, திறந்து செய்வதா என்பது சர்ஜனின் முடிவு. குடல் உப்பி, குழந்தை தளர்ந்திருந்தால் திறந்து செய்வதே வேகம். தழும்பைப் பற்றிப் பேரம் பேச வேண்டாம். பிறவிக் கோளாறு என்றால் 1936-ல் பாஸ்டனின் வில்லியம் லாட் விவரித்த முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். முறுக்கைப் பிரித்து, குறுக்கே ஓடும் பட்டைகளை வெட்டி, சவ்வின் அடியை அகலமாக்கி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைப்பார்கள். குடல்வால் இடம் மாறிவிடுவதால் அதையும் எடுத்துவிடுவது வழக்கம். 'கேட்காமல் எடுத்துவிட்டார்கள்' என்று பிறகு சண்டைக்குப் போகாதீர்கள்.

குடல் பிழைக்குமா என்று சந்தேகம் இருந்தால் முறுக்கை மட்டும் பிரித்துவிட்டு, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி திறந்து பார்ப்பார்கள். முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வெட்டும் நீளத்தைக் குறைக்கத்தான் இந்தக் காத்திருப்பு. சில சமயம் குடலைத் தற்காலிகமாக வயிற்றின் வெளியே திறந்து பை மாட்டுவார்கள். அதை மூட இன்னொரு ஆபரேஷன் உண்டு. அந்த இரண்டாவது செலவையும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் செய்வது என்ற கணக்கை அது மாற்றிவிடக்கூடும்.

ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், டிஸ்சார்ஜ் சம்மரியை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பள்ளியில் வயிற்றுவலி என்று போன் வந்தால், 'வாயுக்கோளாறு' என்று யாராவது ஊசி போடுவதற்கு முன், அந்தக் காகிதத்தை நீட்டி, இவனுக்கு வயிற்றில் அடிபட்டிருக்கிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் வார்டனிடம் ஒரு ஜெராக்ஸ் கொடுத்து வையுங்கள்.